மாரியில் மட்டும் முரண்டு பிடிக்கும் தண்ணீர்ப் பம்ப்

கேள்வி: நாங்கள் மட்டக்களப்பு ஆரையம்பதியில், வாவிக் கரையிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு வளவில் வசிக்கிறோம். 2024 நவம்பர் வெள்ளத்தின்போது முற்றத்திலும் குசினிக்குள்ளும் தண்ணீர் நின்றதால், இரண்டு அங்குலக் குழாய் பூட்டும் பெற்றோல் பம்ப் ஒன்றை அவசரமாக வாங்கினோம். தை மாதம் வரை அது நன்றாக உழைத்தது. பிறகு துடைத்து, பொலித்தீனால் சுற்றி, பின்பக்கத் தகரக் கொட்டிலில் வைத்துவிட்டோம். அடுத்த ஐப்பசி மழைக்கு எடுத்தபோது, மகன் கை ஓயும்வரை கயிற்றை இழுத்தும் ஸ்டார்ட் ஆகவில்லை. சோக்கைப் போட்டால் ஓரிரு விநாடி ஓடுகிறது. சோக்கைத் திறந்ததும் நின்றுவிடுகிறது. கடைக்காரர் சொன்னபடி பிளக்கை மாற்றினோம், பயனில்லை. அயலவர் ஒருவர் பிளக் துவாரத்துக்குள் பெற்றோலை ஊற்றி இழுக்கச் சொல்கிறார். ஒரு தடவை சற்று நேரம் ஓடியபோதும் தண்ணீர் வரவில்லை. கனடாவில் இருக்கும் அண்ணாவிடம் சொன்னால், தன்னுடைய பனி அள்ளும் மிசினும் ஒவ்வொரு மார்கழியிலும் இதே கூத்துத்தான் ஆடுகிறது என்கிறார். இதை விற்றுவிட்டுக் கரண்ட் மோட்டர் வாங்குவதா, அல்லது திருத்தலாமா?

பதில்: விற்க வேண்டாம். உங்கள் பம்பில் பெரிய பழுது இருப்பதாக நீங்கள் எழுதியவற்றிலிருந்து தெரியவில்லை. கயிற்றை இழுப்பதை மட்டும் இப்போதைக்கு நிறுத்துங்கள். சோக்கைப் போட்டால் ஓரிரு விநாடி ஓடி, திறந்ததும் நின்றுவிடுகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, நோயை அறிய அந்த ஒரு வரியே போதும். பிளக்கில் தீப்பொறி வராத எஞ்சின் அந்த இரண்டு விநாடியும் ஓடியிருக்காது. அமுக்கம் போன எஞ்சினும் ஓடியிருக்காது. ஆகவே பிளக்குக்குச் செலவழித்த பணம் அவசியமற்றது என்றே சொல்ல வேண்டும். பழையதை எறிந்துவிடாமல் துடைத்து மேலதிகமாக வைத்துக்கொள்ளுங்கள். சோக் என்பது காபரேற்றருக்குள் காற்று நுழையும் வாயை அடைக்கும் ஒரு தகடு. காற்றின் வழி அடைபடும்போது, எஞ்சினின் உறிஞ்சல் முழுவதும் பெற்றோலின் மீது விழுவதால், வழக்கத்தைவிட அதிகமான பெற்றோல் உள்ளே இழுக்கப்படுகிறது. அந்த நிலையில் மட்டுமே எஞ்சின் ஓடுகிறது என்றால், சோக் திறந்திருக்கும் சாதாரண நிலையில் அதற்குப் போதிய பெற்றோல் கிடைக்கவில்லை, அதாவது பெற்றோல் வரும் துவாரம் அடைபட்டிருக்கிறது என்பதே பொருள்.

அடைத்தது பெரும்பாலும் மண்ணோ குப்பையோ அல்ல. மாசி முதல் ஐப்பசி வரை தாங்கியிலும் காபரேற்றரிலும் கிடந்த அதே பெற்றோல்தான். எளிதில் ஆவியாகும் கூறுகளும் மெதுவாக ஆவியாகும் கூறுகளும் கலந்த திரவம் பெற்றோல். குளிர்ந்திருக்கும் எஞ்சினை முதல் இழுவையிலேயே பற்றவைப்பவை எளிதில் ஆவியாகும் கூறுகளே. நமது பங்குனி, சித்திரை வெயிலில் தகரக் கொட்டிலுக்குள் வேகும் தாங்கியிலிருந்து முதலில் தப்பிப் போகிறவையும் அவையே. எஞ்சியிருப்பது காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து மெல்ல மெல்லப் பிசினாகிறது. காபரேற்றரின் அடிக் கிண்ணத்தில் நிற்கும் பெற்றோல் மிகக் கொஞ்சம். அது வற்றும்போது விட்டுச் செல்லும் பிசின், பெற்றோல் மேலேறும் பித்தளை ஜெற்றில் படிகிறது. இந்த அளவு எஞ்சின்களில் ஜெற்றின் துவாரம் ஒரு மில்லிமீற்றரைவிடக் குறைவானது என்பதால், மெல்லிய படலம் ஒன்றே அதை அடைக்கப் போதுமானது. இறுக மூடிய கானில் உள்ள பெற்றோல் ஓரிரு மாதங்கள் குணம் கெடாமல் இருக்கலாம். காற்றுப் போக வழி வைத்திருக்கும் எஞ்சின் தாங்கியில் அவ்வளவு காலத்தை எதிர்பார்க்க முடியாது.

2022ஆம் ஆண்டு எரிபொருளுக்காக வரிசையில் காத்துக் கிடந்த அனுபவம், கிடைக்கும்போது வாங்கி ஒரு கானில் ஒளித்து வைக்கும் பழக்கத்தை நம்மவர்களிடம் விட்டுச் சென்றிருக்கிறது. அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் சேமித்து வைப்பதானால், மாதம் ஒரு முறை அந்தக் கானை மோட்டார் சைக்கிளின் தாங்கியில் ஊற்றிச் செலவழித்துவிட்டு, அதே கானில் புதிதாக வாங்கி வையுங்கள். வெள்ளம் வரும் நாளில் பம்புக்கு ஊற்றுவது ஆறு மாதப் பழசாக இருந்தால், சேமித்ததன் நோக்கமே கெட்டுவிடும்.

இனிச் செய்ய வேண்டியதற்கு வருவோம். மகன் திறந்த வெளியில், அடுப்பும் சிகரெட்டும் அண்மையில் இல்லாத இடத்தில் இதைச் செய்யட்டும். முதலில் தாங்கியில் உள்ளதை முழுவதுமாக ஒரு பாத்திரத்தில் வடித்துவிட வேண்டும். பிறகு காபரேற்றர்க் கிண்ணத்தின் அடியிலோ பக்கவாட்டிலோ இருக்கும் சிறிய வடிகால் திருகைத் தளர்த்தி, அதில் வருவதை வெள்ளைக் கண்ணாடிப் போத்தல் ஒன்றில் பிடித்துச் சற்று நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். நல்ல பெற்றோலுக்குரிய நிறமும் கூர்மையான மணமும் போய், சாயத் தேநீரைப் போலக் கறுத்து, வார்னிஷ் வாடை அடித்தால் ஐயமே வேண்டாம். போத்தலின் அடியில் குமிழ் குமிழாக வேறொரு திரவம் உருண்டு நின்றால் அது தண்ணீர். பெற்றோலைவிடத் தண்ணீர் பாரமானது என்பதால், எப்போதும் அடியில் போய்த் தங்கி, எஞ்சின் உறிஞ்சும் இடத்தில்தான் நிற்கும். கடற்காற்றும் வாவிக்காற்றும் ஈரத்தோடு வீசும் நமது எழுவான்கரையில், பாதி காலியாகக் கிடக்கும் தாங்கியின் உட்சுவரில் இரவில் ஈரம் வியர்த்துச் சேர்வது வழமையே.

வடித்த பின் அரை லீற்றர் புதுப் பெற்றோலை ஊற்றி, பெற்றோல் குழாயின் திறப்பைத் திறந்து, கிண்ணம் நிரம்பச் சற்று நேரம் கொடுத்து, சோக்குடன் இழுத்துப் பாருங்கள். படிந்த பிசின் இளசாக இருந்தால், புதுப் பெற்றோலிலேயே கொஞ்சம் கரைந்து, எஞ்சின் இருமிக்கொண்டாவது ஓடத் தொடங்கும். அப்படி ஓடினால் நிறுத்திவிடாமல், சோக்கைச் சிறிது சிறிதாகத் திறந்தபடி பதினைந்து நிமிடமாவது ஓட விடுங்கள். அதற்கு முன் பம்பின் வயிற்றில் தண்ணீர் நிரப்பியிருக்க வேண்டும் என்பதைக் கீழே சொல்கிறேன். ஓடாவிட்டால் கிண்ணத்தைக் கழற்றியே ஆக வேண்டும். பெரும்பாலானவற்றில் அடியில் இருக்கும் ஒரே ஒரு ஆணியைப் பத்தாம் இலக்க ஸ்பனரால் கழற்றினால் கிண்ணம் கையோடு வந்துவிடும். உள்ளே மிதவையும் அதைத் தாங்கும் மெல்லிய ஊசியும் இருக்கும். அவற்றைத் தொலைக்காமல் பார்ப்பதே இந்த வேலையில் கடினமான பகுதி என்பதால், கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொள்ளுங்கள். நடுவில் நிற்கும் பித்தளை ஜெற்றைச் சரியான அகலமுள்ள திருப்புளியால் கழற்றி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், துவாரம் வட்டமாகத் தெரிய வேண்டும். அடைபட்டிருந்தால் மின்கம்பியிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு நூலிழையால் குத்தி, காபரேற்றர் கழுவும் ஸ்பிறேயால் பீய்ச்சுங்கள். தையல் ஊசியால் குடைந்து விடாதீர்கள். பித்தளை உருக்கைவிட மென்மையானது. துவாரம் ஒருமுறை பெருத்துவிட்டால், பிறகு எஞ்சின் கறுப்புப் புகை கக்கிக்கொண்டு பெற்றோலைக் குடிக்கும்.

அயலவர் சொன்ன யோசனையை ஏற்க வேண்டாம் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். துவாரத்தில் ஊற்றும் பெற்றோலில் எஞ்சின் சில சுற்று ஓடுமே தவிர, அடைப்பு அப்படியே இருக்கும். வெளியில் சிந்திய பெற்றோல் ஆவியாகி எஞ்சினைச் சூழ்ந்திருக்கும்போது, பிளக் தொப்பி சரியாகப் பொருந்தாமல் ஒரு பொறி தெறித்தால், முகத்துக்கு நேரே தீப்பிடிக்கும். அத்துடன், ஊற்றிய திரவப் பெற்றோல் உருளையின் சுவரில் இருக்கும் ஓயில் படலத்தைக் கழுவிவிடுவதால், உராய்வும் கூடும். மாறாக, மகன் ஏற்கெனவே பல தடவை சோக்குடன் இழுத்திருப்பதால், எஞ்சினுக்குள் தேவைக்கு மேல் பெற்றோல் சேர்ந்திருக்கவும் கூடும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், நனைந்து பெற்றோல் மணக்கும். அப்போது எஞ்சின் சுவிட்சை அணைத்து, பெற்றோல் திறப்பை மூடி, பிளக் இல்லாமல் சில தடவை இழுத்து உள்ளே இருப்பதை வெளியேற்றி, சிறிது நேரம் காற்றாட விட்டு, துடைத்த பிளக்கைப் பூட்டி, சோக் இல்லாமல் முயன்று பாருங்கள். பிளக்கின் இரு முனைகளுக்கும் இடையிலான இடைவெளி இவ்வகை எஞ்சின்களில் பொதுவாக 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர்வரை இருக்க வேண்டும். புதிதாக வாங்கிய பிளக் என்பதற்காக அளக்காமல் விட்டுவிட வேண்டாம்.

இன்னொரு காரணம் நமது மண்ணுக்கே உரியது. திருத்துமிடத்துக்கு வந்து, சிமெந்துத் தரையில் வைத்ததும் முதல் இழுவையிலேயே ஓடி, கொண்டுவந்தவரை வெட்கப்பட வைக்கும் பம்புகள் பலவற்றின் இரகசியமும் அதுவே. நான்கு வீச்சு எஞ்சின்கள் பலவற்றில் ஓயில் குறைந்தால் தீப்பொறியைத் துண்டிக்கும் ஓர் உணரி பொருத்தப்பட்டிருக்கும். ஓயில் உண்மையில் குறைந்திருக்க வேண்டியதில்லை. எஞ்சின் ஒரு பக்கம் சரிந்து நின்றாலும் உணரிக்கு அப்படித்தான் தோன்றும். மழையில் நனைந்த மணலில் வைத்த பம்பின் ஒரு கால் புதைந்தாலே போதும், எவ்வளவு இழுத்தாலும் பொறி வராது. அகலமான பலகை ஒன்றையோ இரண்டு சிமெந்துக் கற்களையோ சமமாக வைத்து, அதன் மேல் பம்பை நிறுத்துங்கள். ஓயிலின் மட்டத்தையும் அப்படிச் சமமாக நிற்கும்போதுதான் பார்க்க வேண்டும். குச்சியில் ஒட்டிவரும் ஓயில் பால் கலந்ததுபோல வெளிறியிருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. அதை மாற்றாமல் எஞ்சினை ஓட்டக் கூடாது. பெற்றோலில் ஓயில் கலக்கச் சொல்லி யாரேனும் ஆலோசனை சொன்னால், அது இரண்டு வீச்சு எஞ்சின்களுக்கானது என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

சிறு சிறு காரணங்கள் இன்னும் சில உண்டு. ஓடத் தொடங்கிச் சில நிமிடங்களில் நின்றுவிடுமானால், தாங்கி மூடியைச் சற்றுத் தளர்த்திவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். மூடியிலுள்ள காற்றுத் துவாரம் தூசியாலும் உப்பாலும் அடைபட்டிருந்தால், பெற்றோல் இறங்காது. மாதக்கணக்கில் கொட்டிலில் கிடந்த எஞ்சினின் சைலன்சர் வாயில் குளவி மண்கூடு கட்டியிருப்பதும் அபூர்வமல்ல. காற்று வடிகட்டியின் பஞ்சு நனைந்திருந்தால் சவர்க்காரத் தண்ணீரில் அலசி, நிழலில் நன்கு உலர்த்திப் பூட்டுங்கள். கயிறு இழுபடவே மறுத்து இறுகி நின்றால் பலத்தைப் பிரயோகிக்காமல், பிளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாக இழுங்கள். உருளைக்குள் தண்ணீரோ ஓயிலோ நிறைந்திருந்தால் அது வெளியே பீறிட்டு வரும். திரவம் அமுங்காது என்பதால், அந்த நிலையில் பலவந்தமாக இழுப்பது உள்ளிருக்கும் தண்டை வளைத்துவிடக் கூடும். வெள்ளத்தில் மூழ்கிய எஞ்சின் என்றால் இந்தச் சோதனை கட்டாயமானது.

எஞ்சின் ஓடியும் தண்ணீர் வரவில்லை என்ற உங்கள் முறைப்பாட்டுக்கு எஞ்சினோடு தொடர்பில்லை. இந்தப் பம்புகள் தாமாகவே தண்ணீரை இழுத்துக்கொள்ளும் என்று விற்பவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் பம்பின் வயிற்றில் முதலில் தண்ணீர் நிரம்பியிருந்தால்தான் அந்த உண்மை செல்லும். மேலே இருக்கும் மூடியைத் திறந்து, வழியும்வரை தண்ணீர் ஊற்றி, மூடிய பிறகே ஸ்டார்ட் பண்ண வேண்டும். தண்ணீரில்லாமல் சில நிமிடங்கள் ஓட விட்டாலே, தண்டைச் சுற்றியிருக்கும் சீல் சூடாகிக் கெட்டுவிடும்; பிறகு எஞ்சின் பக்கமாகத் தண்ணீர் கசியத் தொடங்கும். அடுத்துப் பார்க்க வேண்டியது உறிஞ்சும் குழாய். அது அமுங்காத, உள்ளே சுருள் வைத்த தடித்த குழாயாக இருக்க வேண்டும். வெளியேற்றும் பக்கத்துக்குப் பயன்படும் தட்டையான துணிக் குழாயை இங்கே பூட்டினால், உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும். மூட்டில் உள்ள றப்பர் வாசர் விழுந்துபோயிருந்தாலோ வெடித்திருந்தாலோ, பம்ப் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சும். அவசரத்துக்குப் பழைய சைக்கிள் ரியூபைக் கீறி இறுகச் சுற்றலாம். எந்தப் பம்பும் தண்ணீரைப் பத்து மீற்றருக்கு மேல் உறிஞ்சித் தூக்க முடியாது என்பது வளிமண்டல அமுக்கம் விதித்த எல்லை. நடைமுறையில் ஏழு மீற்றர் வரைதான் எதிர்பார்க்கலாம். முற்றத்து வெள்ளத்தில் உங்களுக்குள்ள சிக்கல் ஆழமல்ல, ஆழமின்மை. கணுக்கால் அளவுத் தண்ணீரில், உறிஞ்சும் குழாயின் முனையிலுள்ள வடிதொப்பி பாதி வெளியே தெரிந்தால் காற்றே உள்ளே போகும். முற்றத்தின் தாழ்வான மூலையில் ஒரு சிறிய குழி தோண்டி, துளையிட்ட பிளாஸ்ரிக் வாளி ஒன்றை அதில் இறக்கி, வடிதொப்பியை வாளிக்குள் வையுங்கள். தண்ணீரும் சேரும், பம்பின் சுழலியைத் தேய்க்கும் மணலும் வெளியிலேயே நின்றுவிடும்.

பம்பை எங்கே வைத்து ஓட்டுகிறீர்கள் என்று எழுதவில்லை. மழை கொட்டும்போது எஞ்சின் நனையக் கூடாதென்று விறாந்தைக்குள்ளோ குசினிக்குள்ளோ வைத்து ஓட்டுவது நமது ஊர்களில் நடக்கிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பெற்றோல் எஞ்சின் வெளிவிடும் புகையில் உள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. சாளரம் ஒன்றைத் திறந்து வைத்தால் போதும் என்று நினைத்து உள்ளே இருந்தவர்கள் தலைச்சுற்றுடன் விழுந்து, எழாமலே போயிருக்கிறார்கள். பம்ப் வீட்டுக்கு வெளியே, கதவு சாளரங்களிலிருந்து விலகி, புகைவாய் வீட்டைப் பாராமல் நிற்க வேண்டும். மழைக்கு மேலே நான்கு கம்பு நட்டு, பக்கங்கள் திறந்தபடி ஒரு தகரத்தைப் போட்டால் போதும். நீளமான குழாய் வாங்கும் செலவை மட்டும் இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

எஞ்சின் சரியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டாலும், எப்போது இறைப்பது என்பது ஆரையம்பதியில் தனிக் கேள்வி. கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடக்கும் மணல் நிலம் உங்களுடையது. மாரியில் நிலத்தடி நீர் மேலேறித் தரையைத் தொடும். மேலிருந்து விழுந்த மழையைவிட, கீழிருந்து ஊறி வருவதே சில நாட்களில் அதிகமாக இருக்கும். முகத்துவாரத்தின் மணல் திட்டு உடைந்தோ வெட்டப்பட்டோ வாவி நீர் கடலுக்கு இறங்கத் தொடங்கும்வரை, சுற்றிலும் அதே மட்டத்தில் தண்ணீர் நிற்கும்போது, உங்கள் முற்றத்தை மட்டும் வற்றவைக்க எந்தப் பம்பாலும் முடியாது. கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள்: பத்துப் பேர்ச்சஸ் வளவில் 15 சென்றிமீற்றர் தண்ணீர் நின்றால், அது ஏறத்தாழ 38,000 லீற்றர். இரண்டு அங்குலப் பம்பின் மேல் நிமிடத்துக்கு 500, 600 லீற்றர் என்று அச்சிட்டிருந்தாலும், குழாயின் நீளமும் வளைவும் போக 400 லீற்றர் வந்தாலே நல்லது. ஆக ஒன்றரை மணித்தியாலத்துக்குச் சற்று மேலே ஆகும், அதுவும் ஊறி வராவிட்டால். ஒரு தடியில் நீர் மட்டத்தைக் குறியிட்டு முற்றத்தில் நட்டு, அரை மணித்தியாலம் இறைத்து நிறுத்தி, அடுத்த ஒரு மணித்தியாலத்தில் மட்டம் பழைய குறிக்கு ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் பெற்றோலை மிச்சம் பிடித்து, வீட்டுக்குள் நிற்பதை மட்டும் வெளியேற்றிக்கொண்டு காத்திருப்பதே புத்தி. குழாயின் மறுமுனையை அடுத்த வீட்டு வேலிக்குள் விடாமல், வீதியோர வடிகாலுக்குக் கொண்டு போங்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும் சொல்லி வைக்கிறேன்.

வெள்ளம் வடிந்ததும் இதே பம்பால் கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்யும் எண்ணம் வரும். அங்கேயும் அவசரம் வேண்டாம். நமது கரையோரத்தில் நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தபோது, அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருக்கும் உவர்நீர் மேலேறிவிடும் என்பது இந்தக் கரையில் தெளிவாக விளங்கியது. சுற்றியுள்ள மண் தண்ணீரால் ஊறியிருக்கும்போது கிணற்றை மட்டும் வேகமாக வெறுமையாக்கினால், வளையங்கள் சரியவும் கூடும். நிலத்தடி மட்டம் இறங்கிய பின், கொஞ்சம் கொஞ்சமாக இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனைப்படி குளோரின் இட்ட பிறகே பாவியுங்கள்.

அண்ணாவின் மிசினுக்கு வருகிறேன். அதில் பூட்டியிருப்பதும் உங்கள் பம்பில் இருப்பது போன்ற சிறிய பெற்றோல் எஞ்சின்தான். ஆண்டில் சில மாதம் உழைத்து, மீதி மாதங்கள் கராஜில் கிடக்கிறது, ஆகவே நோயும் ஒன்றே. அங்கே பெற்றோலில் பத்து வீதம் வரை எதனோல் கலப்பது வழமை; எதனோல் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால், கெடுதல் இன்னும் விரைவில் நேரும். பனிக்காலம் முடிந்து மிசினை ஒதுக்கும்போது, பெற்றோல் கெடாமல் காக்கும் திரவத்தைத் தாங்கியில் கலந்து சற்று நேரம் ஓட விடுவதோ, முழுவதையும் வடித்துக் காபரேற்றரை உலர்த்துவதோ இரண்டில் ஒன்றைச் செய்தால், மார்கழியில் கூத்து இராது. கடுங்குளிரில் தடித்த ஓயில் எஞ்சினை இறுக்கிப் பிடிக்கும். பனிக்காலத்துக்கென அந்த மிசின்களுக்குச் சொல்லப்படும் 5W-30 போன்ற இளகிய ஓயிலைத்தான் ஊற்ற வேண்டும். எஞ்சின் ஓடியும் பனியை அள்ளும் திருகு சுற்றாவிட்டால் எஞ்சினைக் குறை சொல்ல வேண்டாம். கல்லிலோ உறைந்த கட்டியிலோ மோதும்போது கியர் உடையாமல் தான் முறிந்து காப்பதற்கென்றே வைக்கப்பட்ட ஆணி முறிந்திருக்கும். அதற்குப் பதிலாகச் சாதாரண இரும்பு ஆணியைப் போட்டால், அடுத்த மோதலில் கியரே உடையும். இளகிய ஈரப்பனி வீசுகுழலில் அடைத்துக்கொண்டால், எஞ்சினை நிறுத்திய பிறகும் கையை உள்ளே விடக் கூடாது. இறுகி நிற்கும் திருகு, அடைப்பு விடுபட்ட கணத்தில் ஒரு சுற்றுச் சுற்றும். விரல்கள் போவது அப்போதுதான். அதற்கென மிசினோடு வரும் தடியைப் பாவிக்கச் சொல்லுங்கள். இந்த மிசினை முதலில் உருவாக்கிய கியூபெக் மாகாணத்து ஆர்தர் சிகார், தானியக் கதிரடிக்கும் இயந்திரத்தைப் பார்த்துத்தான் 1925இல் அதை அமைத்தார் என்பர். சூடடிக்கும் மிசினுக்குள் கைவிட்டவர்களின் கதை தெரிந்த நம்மூர்க்காரருக்கு, இந்த எச்சரிக்கையை விளக்க வேண்டியதில்லை.

இந்த மாரி முடிந்ததும், மாசியில் பம்பை எடுத்து வைக்கும் விதத்தை மாற்றுங்கள். வாவியிலிருந்து வந்த உவர்த் தண்ணீரை இறைத்திருந்தால், கடைசியாக நல்ல தண்ணீரைச் சில நிமிடம் இறைத்துவிடுங்கள். தாங்கியை வெறுமையாக்கி, பெற்றோல் திறப்பை மூடிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட விட்டால், காபரேற்றரும் வற்றிவிடும். மிஞ்சியதை வடிகால் திருகு வழியாக இறக்குங்கள். பம்பின் வயிற்றில் தண்ணீர் இருக்கும்போதே இதையெல்லாம் செய்துவிட்டு, பிறகுதான் பம்பின் அடித் திருகைத் திறந்து தண்ணீர் முழுவதையும் வடித்துவிட வேண்டும். பிளக்கைக் கழற்றி, ஒரு தேக்கரண்டி ஓயிலை உள்ளே விட்டு, கயிற்றை ஓரிரு தடவை மெதுவாக இழுத்து, இறுக்கம் தெரியும் இடத்தில் நிறுத்திப் பிளக்கைப் பூட்டிவிடுங்கள்; அந்த நிலையில் இரு வால்வுகளும் மூடியிருப்பதால், ஈரக்காற்று உள்ளே புகாது. பொலித்தீனால் இறுகச் சுற்றுவது ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும். பழைய படுக்கை விரிப்பு ஒன்றால் மூடி, தரையில் படாமல் பலகையின் மேல் வையுங்கள். ஐப்பசி மழைக்காகக் காத்திராமல், புரட்டாசியிலேயே ஒரு லீற்றர் புதுப் பெற்றோல் ஊற்றி ஓட்டிப் பாருங்கள். தீபாவளி நெருங்கியதும் திருத்துமிடங்களில் ஊரெல்லாம் பம்போடு நிற்கும். அப்போது வந்தால் உங்கள் முறை வருவதற்குள் வெள்ளம் வந்துவிடும்.

கரண்ட் மோட்டரைப் பற்றிய எனது அபிப்பிராயம் இதுதான். குசினிக்குள் ஊறும் தண்ணீரை வெளியேற்ற, குழிக்குள் மூழ்க வைக்கும் சிறிய மின்பம்ப் ஒன்று மிக வசதியானது, கயிறுமில்லை, காபரேற்றருமில்லை. ஆனால் வெள்ளம் கடுமையாகும் நேரத்தில்தான் மின்சாரமும் துண்டிக்கப்படுகிறது என்பதால், அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. வாங்குவதானால், வீட்டின் ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியரில் விழுவதா என்று மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு முதலில் பரிசோதியுங்கள்; அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை நீங்களே அழுத்திப் பாருங்கள். வயர் மூட்டு எதுவும் தண்ணீரில் கிடக்கக் கூடாது. தண்ணீரில் நின்றுகொண்டு 230 வோல்ற்றுப் பிளக்கைச் செருகவோ கழற்றவோ கூடாது. பெற்றோல் பம்பைப் பொறுத்தவரை, ஜெற்றைச் சுத்தம் செய்து, புதுப் பெற்றோல் ஊற்றி, சமதரையில் வைத்த பிறகும் சோக்கைத் திறந்ததும் நின்றுவிடுகிற அதே குறி தொடர்ந்தால், கண்ணுக்குத் தெரியாத உள்வழிகளும் அடைபட்டிருக்கின்றன என்று கொள்ளுங்கள். அப்போது காபரேற்றரை மட்டும் கழற்றி, எஞ்சினின் மாதிரி இலக்கத்தையும் குறித்துக்கொண்டு உதிரிப்பாகக் கடைக்குக் கொண்டு போங்கள். இந்த அளவு எஞ்சின்களுக்கான புதுக் காபரேற்றர் எளிதில் கிடைக்கக் கூடியதே.